தாய்மாமனுக்கு விதி இல்லை

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நானும் எறும்பும் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

எறும்பு யார் என்று யோசிக்காதீர்கள். உங்கள் மகள்தான். கீழ்வீட்டுத் தையற்காரம்மா வைத்த பெயர். பால் கலக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டால் கையில் கிடைக்கிற விரலைப் பிடித்துக் கவ்விவிடுகிறாள். "இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்னமா கடிக்குது பாருங்க, பல்லு வேற இல்ல!" என்று அந்த அம்மா விரலை உதறிக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெயரே நின்றுவிட்டது. பிறந்தபோது இருந்ததற்கு இப்போது நன்றாகத் தேறிவிட்டாள். அக்காவைக் கடைசி நாளில் வார்டில் பார்த்துக்கொண்ட அதே நர்ஸ்தான் எடை போட்டார். "நீங்களா பாத்துக்கறீங்க? தனியாவா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

தனியாகத்தான். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் பாட்டில் கம்பெனியில் உலையை அணைக்க முடியாது, அத்தான். அணைத்தால் உள்ளே இருக்கிற கண்ணாடிக் குழம்பு அப்படியே இறுகிவிடும், பிறகு உலையையே இடிக்க வேண்டியதுதான். அதனால் காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிப்ட், வாரத்துக்கு வாரம் மாறும். நான் வேலைக்குப் போகிற நேரம் தையற்காரம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். காலை ஷிப்ட் என்றால் அவருக்குச் சிரமம் இல்லை. மெஷின் சத்தத்தில் இவள் நன்றாகத் தூங்குகிறாள். இரவு ஷிப்ட் வாரம்தான் சங்கடம். அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் எழுந்து போகிற மனிதரைக் குழந்தை தூங்கவிடுவதில்லை.

ஆகவே மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை எனக்குக் காலை ஷிப்ட் மட்டும் போடுங்கள், அதையும் பாதியாகக் குறைத்துக்கொடுங்கள், என் லைனில் வேலை செய்கிறவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொன்னேன்.

"குழந்தைக்கு நீ யாரு?"

"தாய்மாமன் சார்."

"அப்பா இருக்காரா?"

"இருக்காரு சார். வெளியூர்ல வேலை."

"அப்ப அவருதானே கேக்கணும்? அவரு கம்பெனியில?"

ஆபீஸ் கிளார்க் நல்லவர். விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். தாய்க்கு ஒரு விதி இருக்கிறதாம், தகப்பனுக்கும் ஏதோ பெயருக்கு ஒன்று இருக்கிறதாம். "தாய்மாமனுக்கு விதி இல்லப்பா" என்றார். "தலைவிதி மட்டுந்தானா சார்?" என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் ஒரு வழியும் சொன்னார். குழந்தை என் பொறுப்பில்தான் இருக்கிறது என்று அதன் தகப்பனார் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தந்தால் மேனேஜரிடம் பேசிப் பார்க்கலாமாம்.

அந்தக் கடிதத்தை மட்டும் அனுப்பிவையுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

(மாப்பிள்ளை என்று நீங்கள் கூப்பிடுவதோடு சரி. வேறு யாரும் என்னை அந்தக் கண்ணோடு பார்க்கிறதாகத் தெரியவில்லை. குழந்தையும் கையுமாக நிற்கிறவனை எந்தப் பெண் பார்ப்பாள்?)


மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே குளிரில் பூமி உறைந்து கல்லாக இறுகிக் கிடக்கிறது. பள்ளம் வெட்டுகிற இயந்திரமே திணறுகிறது. பள்ளம் வெட்டினால்தான் குழாயை இறக்கலாம், குழாயை இறக்கினால்தான் எங்களுக்கு வெல்டிங் வேலை. அதனால் பாதி நாள் தகரக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். சும்மா உட்கார்ந்திருப்பது வேலை செய்வதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, சரிசெய்தாயா? வாஷர் மாற்றினால் போதும், ஆளைக் கூப்பிட வேண்டாம். பின்கதவுத் தாழ்ப்பாள் இறுகிப் போயிருக்கும், கொஞ்சம் எண்ணெய் விடு. மழைக்கு முன்னால் மாடிக் கூரை ஓடுகளை ஒரு தடவை பார்த்துவிடு.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். மற்றவை பிறகு.

அத்தான்


மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். சுகம் என்று எழுதியிருந்தது கண்டு சந்தோஷம். இங்கும் அப்படியே.

குழாய்க்கு வாஷர் போட்டாயிற்று. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாயிற்று. ஓடு பிறகு. "வீட்டில் எல்லோரையும்" விசாரித்திருந்தீர்கள். வீட்டில் எல்லோரும் என்றால் அவள் ஒருத்திதான், அத்தான். விசாரித்ததாக அவளிடம் சொன்னேன். சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். இதுவரைக்கும் தூக்கத்தில் உதட்டைக் கோணுவதோடு சரி. இது அப்படியில்லை, என் முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அக்காவுக்குச் சிரிக்கும்போது இடது கன்னம் மட்டும் மேலே ஏறுமே, அதேதான். நான் பால் புட்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

கடிதம் அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வேலை மும்முரத்தில் எப்படி எழுதுவது என்று தோன்றியிருக்காது. கிளார்க் சொன்ன வாசகத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அப்படியே பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"மேற்படி குழந்தையின் தந்தையாகிய நான், என் குழந்தையை வளர்க்கும் பொறுப்பை என் மனைவியின் தம்பியிடம் முழுமையாக ஒப்படைத்திருக்கிறேன் என்பதை இதன்மூலம் உறுதி கூறுகிறேன்."

இவ்வளவுதான்.

தையற்காரம்மாவின் வீட்டுக்காரர் போன வாரம் வாய்விட்டே சொல்லிவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. தூக்கம் இல்லாம ஸ்டியரிங்க புடிச்சா அம்பது பேரு உசிரு என் கையில." அவர் சொல்வதில் என்ன தப்பு? அதனால் இரவு ஷிப்ட் வாரத்தில் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து குழந்தையோடு படுத்துக்கொள்கிறார். காலையில் நான் வந்ததும் அவர் தைக்கப் போய்விடுவார். பகலெல்லாம் நானும் எறும்பும். அவள் தூங்கும்போது தூங்கிக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவள் தூங்கினால்தானே?

பாட்டில் அச்சுக்கு எண்ணெய் தடவுகிற வேலை எனக்கு. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அச்சு திறக்கிற கணத்தில் பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தடவிவிட்டு, அது மூடுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். நேற்று நின்றபடியே கண் சொக்கிவிட்டது. பிரஷ் போயிற்று, கை தப்பியது. இன்சார்ஜ் பார்க்கவில்லை.

கடிதத்தை மறக்காதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலம் அறிய விருப்பம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பூமி இளகிவிட்டதால் வேலை ஒரேயடியாக நெருக்குகிறது.

இங்கே முகாமுக்குப் பக்கத்தில் உள்ள கடையில் ஒரு கம்பளிச் சட்டை பார்த்தேன். மஞ்சள் நிறம். வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

நீ கஷ்டப்படுகிறாய் என்று தெரிகிறது. உனக்கும் வயது போகிறது, உனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும். என் அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கின்றன, நான்காவது ஒன்று பெரிய பாரமாக இருக்காது என்று சொல்கிறாள். நீ ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கொண்டுபோய் விட்டுவிட்டால் போதும். ஷிப்ட் பிரச்சினையும் தீர்ந்துவிடும். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

யோசித்து எழுது.

அத்தான்


ஏப்ரல் 29

அத்தானுக்கு,

சட்டை வந்தது. தலை நுழையவில்லை. பிறந்த குழந்தைக்குப் போடுகிற அளவு அது. நீங்கள் கிளம்பிப் போன அன்றைய அளவிலேயே அவள் இன்னும் உங்கள் மனதில் படுத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே அவள் வளர்ந்துகொண்டிருக்கிறாள், அத்தான்.

பாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அக்கா சொன்ன வார்த்தையா, நீங்கள் போட்ட வார்த்தையா என்று எனக்குத் தெரியாது. கொண்டுபோய் விட்டுவிட அவள் என்ன பார்சலா?

நான் உங்களிடம் வழி கேட்கவில்லை. ஒரு கடிதம் கேட்டேன். நான் யாரிடமாவது கெஞ்சினேன் என்றால் அது உங்களிடம்தான்.

அக்காவின் காரியத்துக்கு நீங்கள் வந்திருந்த நாட்களில் அவளை ஒரு தடவைகூடக் கையில் வாங்கவில்லை. நான் நீட்டினேன். நீங்கள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள். பூட்டின பூட்டையே மறுபடியும் பூட்டினீர்கள். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அவள் இங்கேதான் இருப்பாள்.

இப்படிக்கு,
அவளுடைய மாமன்


ஜூன் 11

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நலமா? போன கடிதத்தில் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் காணோம். கோபமாக இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

ஒரு நல்ல செய்தி. கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வாரமாக எனக்குக் காலை ஷிப்ட் மட்டும்தான், அதிலும் பாதி. வேலையும் மாற்றிவிட்டார்கள். விளக்கு மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஓடிவருகிற பாட்டில்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஆகவே அந்தக் கடிதம் இனி அவசரமில்லை. நீங்கள் சங்கடப்பட வேண்டாம்.

எறும்பு குப்புறப் படுத்துக்கொண்டு தலையைத் தூக்கி அதிகாரி மாதிரி எல்லோரையும் ஒரு பார்வை பார்க்கிறாள். எங்கள் மேனேஜர் தோற்றார்.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். பேனா சரியில்லை.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 20

எறும்போட அப்பாவுக்கு,

கீழ்வீட்டுத் தையற்காரி எழுதுவது. நீங்கள் நல்லபடியாக இருக்கவேண்டும். எனக்குத் தைக்க வரும், எழுத அவ்வளவாக வராது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் கோபித்துக்கொள்ளும்.

பேனா சரியில்லை என்று உங்களுக்கு எழுதியதாகத் தம்பி சொன்னது. பேனா நன்றாகத்தான் இருக்கிறது. கைதான் சரியில்லை. இடது கையால் எழுதியது அது.

மே மாதக் கடைசியில் இரவு ஷிப்டில் தம்பி நின்றுகொண்டே தூங்கிவிட்டதாம். அச்சு மூடும்போது வலது கை உறையோடு உள்ளே போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஆள் மெஷினை நிறுத்தியதால் கையாவது மிஞ்சியது. உள்ளங்கை முழுக்க வெந்துவிட்டது, இரண்டு விரல் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், "குழந்தை பால் குடிச்சாளா?" என்றுதான் கேட்டது.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் குழந்தையோடு அங்கேதான் இருந்தேன். "கை ஆர்ற வரைக்கும் காலையில மட்டும் வந்தாப் போதும். அரை ஷிப்ட். உக்காந்து பாக்கற வேலை" என்றார். தம்பி சிரித்தது. எதற்கு சிரிக்கிறாய் என்று கேட்டார். "இதத்தானே சார் பிப்ரவரியிலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றது. அவர் அப்படியே எழுந்து போய்விட்டார்.

இவ்வளவுதான் என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் பேனாவைத் தொட்டேன்.

கைக்குத் தடவ மருந்து கொடுத்திருக்கிறார்கள். காலையும் மாலையும் போடச் சொன்னார்கள். போன வாரம் அலமாரியில் துணி எடுக்கப் போனேன். டியூபு வாங்கினபடியே இருக்கிறது. மூடியைக்கூடத் திறக்கவில்லை. கட்டுத் துணியை மட்டும் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சீழ் வைத்திருக்கிறது.

"என்னடா இது?" என்று கத்திவிட்டேன்.

"ஆறிட்டா மறுபடியும் நைட் ஷிப்டுதானேக்கா" என்றது.

உங்கள் குடும்ப விஷயத்தில் தலையிட எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்தக் கை அழுகிவிட்டால் அது உங்கள் குழந்தையைத் தூக்குகிற கை. ஒன்று நீங்கள் எழுதுங்கள், இல்லாவிட்டால் வாருங்கள். இரண்டும் இல்லையென்றால் நான் அதன் கையைக் கட்டிவைத்துத்தான் மருந்து போடவேண்டும்.

குழந்தை நன்றாக இருக்கிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வணக்கம்.


ஜூலை 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் மருந்தைப் போடு. போட்டுவிட்டு மீதியைப் படி.

தையற்காரம்மா எழுதியிருந்தார். அவரைக் கோபிக்காதே. நீ மறைத்ததை அவர் சொன்னார். நான் மறைத்ததைச் சொல்ல இங்கே யாரும் இல்லை, நானேதான் சொல்லவேண்டும்.

நானும் கேட்டேன், மாப்பிள்ளை. உன் முதல் கடிதம் வந்த அன்றே ஃபோர்மேனிடம் போனேன். மூன்று மாதம் வேலை, ஒரு மாதம் ஊர் என்று ஒரு ஏற்பாடு இங்கே சிலருக்கு உண்டு. அதைக் கேட்டேன். மனைவி இறந்துவிட்டாள், கைக்குழந்தை இருக்கிறது என்று சொன்னேன். அந்த வார்த்தைகளை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

"குழந்தைய இப்ப யாரு பாத்துக்கறாங்க?"

"மச்சினன்."

"நல்லா பாத்துக்கறானா?"

"நல்லா பாத்துக்கறான்."

"அப்புறம் என்ன அவசரம்?"

உன் கம்பெனியில் தகப்பன் இருக்கிறான் என்று சொல்லி உனக்கு மறுத்தார்கள். என் கம்பெனியில் தாய்மாமன் இருக்கிறான் என்று சொல்லி எனக்கு மறுத்தார்கள். இதை உனக்கு எழுதியிருந்தால் நீயாவது சிரித்திருப்பாய். எழுத முடியவில்லை. கேட்டேன், மறுத்துவிட்டார்கள், நான் சும்மா இருந்துவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. ஏப்ரலில் மறுபடி கேட்டேன். ஒப்பந்தம் முடிகிறவரை வாயைத் திறக்காதே என்றார்கள். அன்றைக்குத்தான் என் அக்காவுக்கு எழுதினேன். பாரம் என்பது அவள் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதை அப்படியே நகல் எடுத்து உனக்கு அனுப்பியவன் நான்.

நீ எழுதிக்கொடுத்த அந்த வாசகத்தை எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். "முழுமையாக ஒப்படைத்திருக்கிறேன்" என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். உனக்கு அது ஷிப்டுக்கான தாள். எனக்கு அது வேறாகத் தெரிந்தது. நான் எழுதாமல் இருந்ததற்கு விலையை உன் கை கொடுத்திருக்கிறது.

பெட்டியைப் பூட்டியதைப் பற்றி எழுதியிருந்தாய். அவளைக் கையில் வாங்கியிருந்தால் நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன். அது எனக்கு அப்போதே தெரியும். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

உன் மேனேஜருக்குத் தனியாக ஒரு கடிதம் இதனுள் வைத்திருக்கிறேன். கிளார்க் சொன்ன வாசகத்தில் அல்ல, எனக்கு வந்தபடி எழுதியிருக்கிறேன். கொடு.

செப்டம்பர் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் அக்கா வீட்டுக்காரரின் பட்டறையில் வெல்டிங் வேலை இருக்கிறது. பகல் வேலை மட்டும்தான். நான் வந்து குழந்தையை அழைத்துக்கொண்டு அங்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். அக்கா பார்த்துக்கொள்ள மாட்டாள், நானே பார்த்துக்கொள்வேன். உன் அக்கா நடமாடிய வீட்டில் என்னால் இருக்க முடியும் என்று தோன்றவில்லை. உனக்கும் இனி விடுதலை.

மருந்து போடு.

அத்தான்


ஆகஸ்ட் 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமா? கை எப்படி இருக்கிறது? என் கடிதம் வந்து சேர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. தபால் பை வருகிற வண்டிச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். இவ்வளவு நாள் உன்னை நான் இப்படித்தான் வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

அவளுக்குப் பல் முளைத்துவிட்டதா? தவழ்கிறாளா? தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள்? தட்டிக்கொடுத்தால் தூங்குவாளா, ஆட்டினால் தூங்குவாளா? பால் எந்தச் சூட்டில் கொடுக்கவேண்டும்? குளிப்பாட்டும்போது தலையை எப்படிப் பிடிப்பது? என்னோடு தங்கியிருக்கிற ஒருவருக்கு நான்கு பிள்ளைகள். அவரிடம் கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும், அவங்கம்மாவக் கேளுங்க" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்குச் சொல்ல நீ ஒருவன்தான் இருக்கிறாய். ஒரு வரியாவது எழுது.

அத்தான்


செப்டம்பர் 3

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். எறும்பு சுகம். என் கையும் தேறிவருகிறது. இந்தக் கடிதத்தை வலது கையால்தான் எழுதுகிறேன், அதனால் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தையற்காரம்மா தினமும் வந்து என் எதிரில் உட்கார்ந்து மருந்து போடவைத்துவிட்டுத்தான் போகிறார். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தையைத் தூக்க அந்த இரண்டும் தேவைப்படவில்லை.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. முதலாவது ஜூலையிலேயே வந்துவிட்டது. பதில் எழுதாதது என் தப்பு. எழுதுங்கள், வாருங்கள் என்று மாதக்கணக்கில் கூவியவன் நான். நீங்கள் வருகிறேன் என்று எழுதியதும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. விடுதலை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தையைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து ஒரு கரண்டியை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை, பயணம் கூடாது, இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருங்கள் என்று ஒரு நாள் உங்களுக்குப் பொய்யாக எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டுக் கிழித்துப் போட்டேன்.

மேனேஜருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தையும் கொடுக்காமல் பல நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். "நான் அவளுடைய தகப்பன், உயிரோடுதான் இருக்கிறேன். நான் செய்ய வேண்டியதை இவன் செய்கிறான். நான் வந்து சேரும்வரை இவனுக்கு நேரம் கொடுங்கள். எனக்குச் செய்கிற உதவியாக நினைத்துக் கொடுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அதில் "நான் வந்து சேரும்வரை" என்பது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. கடைசியில் போன திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். என் கையைப் பார்த்தார். "இத முன்னாடியே குடுத்திருக்கலாமேப்பா" என்றார். உடனே கிளார்க்கைக் கூப்பிட்டு உத்தரவு போடச் சொன்னார். காலையில் அரை ஷிப்ட், குழந்தையின் தகப்பனார் வந்து சேரும்வரை. கேட்டது ஒருவழியாகக் கிடைத்துவிட்டது, அத்தான். எதுவரைக்கும் என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். கீழே இரண்டு பல். தவழ்கிறாள், ஆனால் முன்னால் போக நினைத்துப் பின்னால் போகிறாள். கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு நம்மைத் திட்டுவாள். இடது பக்கம் திரும்பித்தான் படுப்பாள். ஆட்டினால் விளையாட்டு என்று நினைத்துக்கொள்வாள், முதுகைத் தடவினால்தான் தூங்குவாள். பால் உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. குளிப்பாட்டுவது எழுத்தில் வராது. வந்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். வந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கொஞ்ச நாள் இங்கே இருங்கள். பட்டறை எங்கும் ஓடிவிடாது. அக்கா நடமாடிய வீட்டில் இருக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் முடியவில்லைதான். எறும்புக்கு மட்டும் இது வெறும் வீடு. அவள் தவழ்கிற இடத்திலெல்லாம் நானும் அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பதால் எப்படியோ நாள் போகிறது. உங்களுக்கும் போகும்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போன மாதம் மின்சார மீட்டர் பார்க்க ஓர் ஆள் வந்தார். அவர் இவளைப் பார்த்துச் சிரித்ததற்கே தெரு கூடுகிற மாதிரி அழுதாள். இப்போது முகம் தெரியாதவர்கள் யாரும் ஆகாது. உங்களைப் பார்த்தும் அப்படித்தான் அழுவாள். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் அறையில் இருந்தால் என்னிடம்தான் கையை நீட்டுவாள், நீட்டினால் நான் வாங்கிக்கொண்டுவிடுவேன். என்னால் வாங்காமல் இருக்க முடியாது.

ஆகவே நீங்கள் வருகிற அன்று அவளை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் கீழே இறங்கிப் போய்விடுவேன். தெருவில் தையற்காரம்மா வாசலுக்கு எதிரில் நிற்பேன். அவள் அழுவது அங்கே நன்றாகக் கேட்கும். எவ்வளவு அழுதாலும் மேலே வரமாட்டேன். நீங்களும் பயந்துபோய் ஜன்னலுக்கு வந்து என்னைக் கூப்பிடாதீர்கள். முதுகைத் தடவிக்கொடுங்கள். அவள் தானாக ஓயும்வரை கீழே இறக்கிவிடாதீர்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
உங்கள் மாப்பிள்ளை